உள்ளே விடலாமா

கேட்வேயை அமைத்து முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் முகவரியை மணிமொழி இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஆபீஸில் மற்றவர்கள் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார்கள். கார்த்திகை மாதத்து இருட்டு சீக்கிரமே இறங்கிக்கொண்டிருக்க, கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் பஸ்கள் அடிக்கும் ஹாரனும், சுவருக்கு அந்தப் பக்கம் சர்வர் அறையின் ஏசி விடாமல் இரைகிற இரைச்சலும், யாரோ மதியம் மிச்சம் வைத்துவிட்டுப் போன புளிசாதத்தின் வாடையுமாக இருந்த அந்த இரண்டாவது மாடியில், ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, அவள் போன் மேஜைமேல் ஒருமுறை அதிர்ந்தது.

"வர்த்தமானன் வெளியே காத்திருக்கிறார். இடம்: கீழ்பென்னாத்தூர். உள்ளே விடலாமா?"

கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள்.

வாசகம் அவள் எழுதியதுதான். ஆறு ஊர்களில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் கம்பெனி அது. எல்லா ஊர் ரிசல்ட்டும் திருவண்ணாமலையை ஒட்டிய இந்த வேங்கிக்கால் ஆபீஸில் இருக்கும் ஒரே சர்வரில்தான் கிடக்கும். வெளியூரிலிருந்து யாரும் இனி அதை நேராகத் தொட முடியாது. சர்வருக்கு முன்னால் வாட்ச்மேன் மாதிரி நிற்கிற இன்னொரு கம்ப்யூட்டர்தான் கேட்வே. வருகிறவர் பெயரையும், சாவி என்று சொல்லும் ரகசிய எண்ணையும் பார்க்கும். எந்த ஊர் டவரிலிருந்து வருகிறார் என்று பார்க்கும். அப்புறம் பொறுப்பில் இருப்பவரின் போனில் கேட்கும். அவர் ஆம் என்றால்தான் கதவு திறக்கும். உள்ளே போனவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதிவை யாரும் அழிக்க முடியாது, அமைத்த மணிமொழியாலும் முடியாது. மேனேஜர் பலராமன் அப்படித்தான் கேட்டிருந்தார்.

வர்த்தமானன் செத்து இருபத்தாறு நாள் ஆகிறது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்தவர் பெயரைக் கேட்வேயில் சேர்த்தது அவளேதான். அந்த ஆபீஸின் லட்சணம் அப்படி. எட்டு வருடமாக எல்லாமே வர்த்தமானன் பெயரில்தான் ஓடியது. ஆறு ஊர் நிலையங்களில் வேலை செய்யும் பெண்களும் காலையில் அவருடைய பாஸ்வேர்டைப் போட்டுத்தான் மெஷினைத் திறப்பார்கள். அந்தப் பெயரை எடுத்தால் மறுநாள் ஒரு ஊரிலும் ரிசல்ட் வராது. ஆகவே அவருடைய சாவியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். ஆளை இழந்தாலும் பெயரை மட்டும் வேலையில் வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் கம்பெனிகளுக்கு நன்றாகவே வரும்.

கீழ்பென்னாத்தூர் நிலையத்தில் ஏதோ பழைய மெஷின் தானாகத் தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு, ஆம் என்பதை அழுத்தினாள்.

உள்ளே வந்தது மெஷின் இல்லை. மெஷின் என்றால் முழு வரியையும் ஒரே நொடியில் கொட்டும். இது அவள் திரையில் எழுத்து எழுத்தாக வந்தது. ஹேங் ஆகியிருந்த ரிப்போர்ட் புரோகிராமை நிறுத்தியது. மறுபடி ஓடவிட ஒரு வரியைத் தட்டும்போது ஓர் எழுத்தில் தடுக்கியது, நின்றது, அழித்தது, சரியாகத் தட்டியது. வர்த்தமானனுக்கு வலதுகைச் சுண்டுவிரல் மடங்காது. அந்த ஓர் எழுத்தில் எப்போதும் தடுக்குவார். பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தத் தடுக்கலின் சத்தம்கூடத் தெரியும். திரையில் எழுத்துகள் ஓடும்போதே அவளுக்குக் காதில் அது கேட்டது.

வேலை முடிந்ததும் வந்தது போய்விட்டது. புளிசாத வாடையோடு இப்போது ஈரச் சேற்றின் வாடையும் கலந்திருந்தது. ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். இரவெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இந்தக் கேட்வேக்காக இரண்டு வருடம் கெஞ்சியவர் வர்த்தமானன்தான். சர்வர் ஹேங் ஆனால் கீழ்பென்னாத்தூர் வீட்டிலிருந்து பைக்கில் வந்து, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அவ்வளவு தூரமும் திரும்பிப் போவார். வீட்டிலிருந்தபடியே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை சார் என்பார். பார்க்கலாம் என்பார் பலராமன். பலராமன் வாயிலிருந்து பார்க்கலாம் என்று வந்துவிட்டால் அந்தப் பேச்சை அதோடு மறந்துவிட வேண்டியதுதான். ஆள் போய்ச் சேர்ந்த பிறகு பத்தே நாளில் எல்லாவற்றுக்கும் கையெழுத்தாகிவிட்டது.

அவர் செத்த அன்றைக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கு சர்வர் நின்றது. சர்வர் அறை மணிமொழியின் மேஜையிலிருந்து பன்னிரண்டு எட்டு நடை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஏடாகூடமாக ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழுமே என்று ஆபீஸ் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஜைனர் வீடு. பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை தொடமாட்டார்கள்.

"இன்னாம்மா, மறுபடியும் ஹேங்கா? தட்டுல கை வெச்சுட்டேன். அவசரமா?"

அவசரம்தான் சார் என்றாள். அப்படியே எழுந்தார். வேலையை முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிடும், அதன் பிறகு மறுநாள் காலையில்தான் சாப்பாடு என்று தெரிந்துதான் எழுந்தார். ஏரிக்கரை வளைவில் சவுக்குக் கட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்தது. கட்டைகள் வண்டியைத் தாண்டி ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குமேல் அதைப் பற்றி ஆபீஸில் யாரும் பேசுவதில்லை.

மறுநாளே பலராமன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டியூட்டிக்காக வந்தவர் என்று எழுதினால் அவர் மனைவி குசுமாவதிக்குக் கம்பெனி வேலை கொடுக்க வேண்டும், விசாரணை என்று நடக்க வேண்டும். சொந்த வேலையாகக் கிளம்பினார் என்றால் ஒரு பூமாலையோடு முடிந்துவிடும் என்றார். நீ கூப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள், வர்த்தமானன் சீட்டு இனிமேல் உனக்குத்தான் என்றார். மணிமொழி கூப்பிடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆபீஸ் போனின் அழைப்புப் பட்டியல் சர்வரில்தான் இருந்தது. அதில் அந்தச் சாயங்காலத்துக்கு ஒரு வரி. அதையும் அழித்தாள். இப்போது அவள் உட்கார்ந்திருப்பது அவருடைய நாற்காலியில்தான்.

கேட்வே அமைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, கீழ்பென்னாத்தூர் நிலையத்துக்குப் போன் போட்டாள். அங்கே வேலை செய்யும் தனம், சாயங்காலம் ஐந்துக்கே பூட்டி மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுவேன் அக்கா, எலி வயரைக் கடிக்குதுன்னு என்றாள். மணிமொழி வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று கேட்பாள். எதற்கு என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று மணிமொழிக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஆறுக்கு இரண்டு நிமிடம். போன் அதிர்ந்தது. இடம் மாறியிருந்தது: சோமாசிபாடி. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் வழியில் இருக்கிற ஊர்.

வேண்டாம் என்பதை அழுத்தினாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி வேண்டாம். ஏழு முறை அப்படி வந்தது. கோபமாக வருவது போலவே இல்லை. கதவைத் தட்டிவிட்டு ஓரமாக நிற்கிற மனுஷனின் பொறுமை அதில் இருந்தது. வர்த்தமானன் அப்படித்தான். பலராமனின் அறைவாசலில் கேட்வேக்கான காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நிற்பார்.

புதன்கிழமை மதியம் குசுமாவதி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தண்ணீர் கொடுத்தாள் மணிமொழி. வாங்கி மேஜைமேல் வைத்தாரே தவிரக் குடிக்கவில்லை.

"நான் சண்ட போட வரலம்மா," என்றார். "அவரா எழுந்து எங்கியோ போனாருன்னு எழுதியிருக்காங்க. ஒரு கவளம் எடுத்து வாய்கிட்ட கொண்டுபோனவரு, பசியோட தானா எழுந்து போவாரா? போன் வந்துச்சு. யாருன்னு நான் கேக்கல, கேட்டிருக்கணும். நீ பண்ணியான்னு மட்டும் சொல்லு."

பக்கத்து அறையில் பலராமன் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"எனக்குத் தெரியாதுங்கக்கா," என்றாள் மணிமொழி.

குசுமாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் போன பிறகு மணிமொழிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பும் நாலு மணி டீயோடு அடங்கிவிட்டது. மனசு எதற்கும் பழகிவிடுகிறது.

அன்று சாயங்காலம் இடம் ஏரிக்கரை டவர் என்று காட்டியது.

அவள் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனாலும் திரையில் ஜன்னல் திறந்தது. கர்சர் சிமிட்டியது. ஏசி இரைச்சல் இன்றைக்கு ஏசி இரைச்சல் மாதிரி இல்லாமல், தகரக் கூரையில் மழை விழுவது போலக் கேட்டது. வெளியே வானம் நட்சத்திரத்தோடு வெறித்துக்கிடந்தது. மழை இல்லை. நெடுநேரம் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. கீழே விழுந்துகிடக்கிற ஒருவர் போனைத் தேடி எடுப்பதற்கு ஆகிற நேரம். பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

"சாப்டல."

ஜன்னல் மூடிக்கொண்டது. மணிமொழி எழுந்து ஓடினாள். படியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததைக்கூட அவள் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையே பலராமன் சொல்லிவிட்டார். நாளைக்கு மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள், கேட்வேயில் இதுவரை பதிவானது எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பார்கள், சுத்தமாக வை என்றார். பகல் முழுக்க ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிச் சாவி என்று வெறிபிடித்தவள் போல அமைத்தாள். ஐந்து நாற்பதுக்கு எல்லாம் தயார். இனி அவர் பெயர் எதற்கும் தேவையில்லை. ஆறுக்கு முன்னால் நீக்கிவிட்டால் தட்டுவதற்குக் கையே இருக்காது.

ஐந்து ஐம்பதுக்குப் பட்டியலில் வர்த்தமானன் பெயரைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்பதை அழுத்தினாள்.

"நீக்க முடியாது. இவர் உள்ளே இருக்கிறார். இடம்: வேங்கிக்கால்."

ஆபீஸில் அவளைத் தவிர யாரும் இல்லை. சர்வர் அறைக் கதவு பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையில். டீசல் வாடை. ஈரச் சேறு. பிய்த்த சவுக்குப் பட்டையின் பச்சை வாடை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு விரல் அகலத்துக்கு வந்து தரையில் நின்றது.

திரையில் ஜன்னல் திறந்தது. எழுத்து எழுத்தாக. அந்த ஓர் எழுத்தில் தடுக்கி, அழித்து.

"நீதானம்மா கூப்ட்ட?"

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஆனால் அந்தக் கேள்வியில் மிரட்டல் இல்லை. அவ்வளவு தூரம் வந்துவிட்டு, யாரும் கூப்பிடவில்லையே என்று ஆபீஸே சொல்ல, வாசலில் குழம்பி நிற்கிற மனுஷனின் கேள்வி அது. ஆமாம் சார் என்று இரண்டே சொல். தட்டினால் அவர் போய்விடுவார் என்று ஏனோ அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. குசுமாவதிக்கும் அந்த இரண்டு சொல் போதும்.

ஆனால் கேட்வே பதிவு செய்துகொண்டிருந்தது. தட்டுகிற எழுத்தை அழிக்க முடியாது. நாளைக்கு மேலிடத்து ஆட்கள் படிப்பார்கள், பலராமன் படிப்பார், நாற்காலி போகும், கையெழுத்துப் போட்ட பொய்க்குக் கேஸ் வரும். அவர்தான் போய்விட்டாரே, இனி உண்மை இருந்து யாருக்கு ஆகப்போகிறது என்று ஒரு நியாயம் கிடைத்தது. தேடினால் எதற்கும் ஒரு நியாயம் கிடைக்கத்தான் செய்கிறது. தப்பில்லாமல் தட்டினாள்.

"இல்ல சார். நான் கூப்டல."

கர்சர் சிமிட்டியது. ஒன்று. இரண்டு. ஏசி நின்றது. அவ்வளவு அமைதியை அந்த ஆபீஸில் அவள் கேட்டதே இல்லை.

"சரிம்மா," என்று வந்தது. "அப்போ நான் கெளம்பவே இல்ல. வீட்ல சாப்ட்டுட்டு இருக்கேன்."

பிறகு இன்னொரு வரி.

"ரோட்ல வர்றது யாரு?"

ஜன்னல் மூடியது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. கதவடியில் இருந்த தண்ணீரும் இல்லை. மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. போய்விட்டார். ஒரு பொய்யைச் செத்தவரிடமும் சொல்லித் தப்பித்தாகிவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

வியர்வை இல்லை. மழைத்தண்ணீர்.

மேலிருந்து விழுந்துகொண்டிருந்தது. கண்ணில் விழுந்தது, பின்கழுத்தில் வழிந்தது. டியூப்லைட் எங்கே என்று பார்த்தாள். இருட்டு. இருட்டுக்குள் சாய்வாக இறங்கும் கோடுகள், ஒரே ஒரு மஞ்சள் வெளிச்சத்தில். காது நிறையக் காற்று. நாற்காலியின் கைப்பிடி சில்லென்று இருந்தது, ரப்பராக இருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ வலதுபுறம் தவளைகள். நிறைய தண்ணீர் இருக்கிற இடத்துத் தவளைகள்.

இடதுகையில் போன் இருந்தது. அதன் திரை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இடம்: ஏரிக்கரை. உள்ளே விடலாமா?"

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மணிமொழி என்று இருந்தது.

ஆம். ஆம் என்பதை அழுத்தினாள். கண்ணாடிமேல் மழை. விரல் படவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்தாள். தலைப்பும் நனைந்திருந்தது. மறுபடி அழுத்தினாள். உள்ளே போய்விட வேண்டும். பன்னிரண்டு எட்டு. அந்தப் பொத்தான். அவளே அழுத்துவாள். யாரையும் கூப்பிடமாட்டாள். ஆம். ஆம். "நான்தான் கூப்ட்டேன் சார்," என்று கத்தினாள். காற்று அதை வாயோடு பிடுங்கிக்கொண்டு போனது. எந்தக் கேட்வேயும் அதைப் பதிவு செய்யவில்லை.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

"வேண்டாம் என்று பதில் வந்துள்ளது. பதில் தந்தவர்: மணிமொழி, வேங்கிக்கால் அலுவலகம்."

அங்கே நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? படித்தாள். மறுபடி படித்தாள். திரையில் விழுந்த துளிகள் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டின. தன் பெயரை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் கவனித்தாள், பைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வளைவில் எந்தப் பின்விளக்கும் இல்லை.